இடி முழங்கினால் கழற்ற வேண்டியவை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், முதல் இடிச்சத்தம் கேட்டதும் நடப்பவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் தொலைக்காட்சியின் பிளக்கைக் கழற்றுவார்கள். அடுத்ததாக டிஷ் வயரை உருவி ஜன்னலுக்கு வெளியே எறிவார்கள். பிறகு போன் சார்ஜர், ரைஸ் குக்கர், அயன் பெட்டி. கடைசியாக யாராவது ஒருவர் காம்பராவை, அதாவது அந்த ஒற்றை அறையை, சுற்றிப் பார்த்து, "எல்லாம் கழட்டியாச்சா?" என்று கேட்பார். ஒரே வயரில் வரிசை முழுவதற்கும் மின்சாரம் போகும் இடத்தில் ஒரு மின்னல் எத்தனை வீடுகளில் புகை கிளப்பும் என்பதை என் ஊரான வட்டவளையில் நானே பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வலையமைப்பைப் பற்றி நான் கற்றவற்றில் முக்கியமான பாதியை இந்தப் பழக்கம்தான் எனக்குத் தந்தது.

மற்றப் பாதியை ஹட்டனில் படித்தேன், ஒரு டிப்ளோமாவில். அதை முழுக்கத் திரையிலேயே படித்தோம். ஒரு மென்பொருளில் கணினிப் படங்களை இழுத்து வைத்து அவற்றுக்கு இடையே கோடு போட்டால், கோட்டின் இரு முனைகளிலும் பச்சை விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது. அந்தக் கோடுகளுக்கு நீளம் போதாமல் போவதில்லை. அவற்றில் ஈரம் ஏறுவதில்லை, எலி கடிப்பதில்லை. அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன.

படித்து முடித்த பிறகு அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை கிடைத்தது. பழைய கொழுந்து மடுவம் ஒன்றைத் திருத்தி, கணினி நிலையமாக மாற்றியிருந்தார்கள். முன்பு பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்ட இடம் அது. தகரக் கூரை, சிமெந்துத் தரை, மழை பெய்தால் பேச்சுக் கேட்காது. கொழும்பில் ஏதோ ஒரு அலுவலகம் கழித்துவிட்ட மடிக்கணினிகள் பன்னிரண்டு ஒரு பெட்டியில் இருந்தன. இன்னொரு பெட்டியில் ஒரு சுருள் கேபிள், வயர்களெல்லாம் வந்து சேரும் சந்தியான சுவிட்ச் என்ற தட்டைப் பெட்டி, ஒரு சிறிய யூ.பி.எஸ். இவற்றை இணைத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே என் வேலை.

நிலையத்தின் சாவி அக்காவிடம் இருந்தது. எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். முப்பதைத் தாண்டியவர். காலையில் பிள்ளை மடுவத்தில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்தில், உதவியாளராக வேலை செய்வார். பின்னேரம் வந்து நிலையத்தைத் திறந்து, கூட்டி, பிள்ளைகளை அதட்டி உட்கார வைப்பார். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவர். அதற்கு மேல் படிக்க வீட்டு நிலைமை விடவில்லை.

என் முதல் வாரம் கேபிளின் முனையில் பிளாஸ்டிக் தலையைப் பொருத்துவதிலேயே போனது. உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள். வெள்ளையும் தோடம்பழ ஆரஞ்சு நிறமும், தனித் தோடம்பழ நிறம், வெள்ளையும் பச்சையும், நீலம்... இந்த வரிசை எனக்கு மனப்பாடம். ஆனால் கையில் பிடித்தால் நீலம் நழுவிப் பச்சைக்குப் பின்னால் போய்விடும். மூடுபனி இறங்கும் பின்னேரங்களில் விரல் நுனி மரத்துப்போய்விடும். தவறாகப் பொருத்திய தலையை வெட்டி எறிய வேண்டியதுதான். திரும்பப் பாவிக்க முடியாது. கூட்ட வந்த அக்கா தரையில் சிதறிக் கிடந்த தலைகளைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றோடு நின்றார்.

"தங்கச்சி, யாரோட பல்லுங்க இதெல்லாம்?"

"என்னோடதுதான் அக்கா."

"இன்னும் எத்தன பாக்கி இருக்கு? கஞ்சிதான் குடிக்கணும் போல."

சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு தலைகளை வீணாக்கினேன். அதற்குப் பிறகு வந்தது சரியாக இருந்தது. சோதிக்கும் கருவியில் எட்டு விளக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. திரையில் எரியும் பச்சை விளக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை எப்படிச் சொல்வது? அதை நான் வரைந்திருந்தேன். இதை நான் செய்திருந்தேன்.

அடுத்து முகவரிகள். வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் தனி இலக்கம் வேண்டும். இரண்டுக்கு ஒரே இலக்கம் கொடுத்தால் இரண்டும் தடுமாறும். நான் அப்படிக் கொடுத்துவிட்டு ஒரு பின்னேரம் முழுவதும் தேடியிருக்கிறேன். இதைப் பிள்ளைகளுக்கு விளக்கியபோது முன்வரிசையில் இருந்த ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"மிஸ், இந்த லெப்டொப்புக்கெல்லாம் அட்ரஸ் இருக்கா?"

"இருக்கு. ஒவ்வொன்னுக்கும் வேற வேற."

"எங்க லயத்துல யாருக்கும் இல்லையே மிஸ். காயிதம் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருது."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வட்டவளையில் என் வீட்டுக்கும் இலக்கம் கிடையாது.

கேபிள்களுக்கு அடையாளம் வைக்க வேண்டியிருந்தது. ஒட்டிய காகிதத் துண்டுகள் ஈரத்தில் உரிந்து விழுந்தன. ஒரு மாணவி சிவப்பு நகப்பூச்சுக் கொண்டுவந்தாள். கணினிகள் ஒவ்வொன்றின் கேபிளிலும், சுவிட்சில் அதற்குரிய துளையின் மேலும் ஒரே எண்ணிக்கையில் சிறு சிறு பொட்டுகள் வைத்தோம். ஒரு பொட்டுக் கேபிள் ஒரு பொட்டுத் துளைக்கு, இரண்டு பொட்டு இரண்டுக்கு. இந்த ஏற்பாடு முழுவதும் இடிக்காகத்தான். ஐப்பசி மாதத்தில் ஏறக்குறைய எல்லாப் பின்னேரமும் மலைக்குப் பின்னால் உறுமும். உறுமியதும் அக்கா எழுந்து எல்லாவற்றையும் கழற்றுவார். மின்சாரப் பிளக்கோடு நிறுத்த மாட்டார். சுவிட்சில் உள்ள எல்லாக் கேபிளையும் உருவுவார். மழை ஓய்ந்ததும் பொட்டைப் பார்த்து மாட்டுவார். ஒரு நாளும் துளை மாறியதில்லை.

அந்த ஐப்பசியில்தான் தேர்வு வந்தது. முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் தெரிவு செய்யும் கணினித் தேர்வு. வழக்கமாகக் கண்டியில் நடக்கும். அதற்கு விடியுமுன் புறப்பட வேண்டும் என்பதால் எத்தனையோ வீடுகளில் பெண் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அக்கா அந்தப் பயிற்சி நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்து, எங்கள் நிலையத்திலும் ஒரு தேர்வு வைக்கச் சம்மதிக்க வைத்தார். அவர்கள் ஒரு நிபந்தனை சொன்னார்கள். வினாத்தாள் அந்த ஒரு நாளுக்கு மட்டும். கருவிகள் வேலை செய்யாமல் போனால் அங்கே வந்தவர்களுக்கு மறு தேர்வு கிடையாது.

விண்ணப்பித்தவர்கள் என் வகுப்பில் பள்ளிப் படிப்பை முடித்திருந்த பதினொரு பெண் பிள்ளைகள், பன்னிரண்டாவது அக்கா. விண்ணப்பத்தில் வயதெல்லை முப்பத்தைந்து. அடுத்த வருடம் அவர் அதைத் தாண்டிவிடுவார்.

"இது கடைசி பஸ்ஸுங்க தங்கச்சி. கைய காட்டி நிறுத்தியாச்சு, ஏறத்தான் வேணும்" என்றார்.

தேர்வுக்கு முந்திய நாள் எல்லாவற்றையும் சோதித்தேன். பயிற்சி நிறுவனத்தின் மடிக்கணினி ஒன்றில் வினாக்கள் இருக்கும், எங்கள் பன்னிரண்டும் கேபிள் வழியாக அதனோடு பேசும், இன்டர்நெட் தேவையில்லை. என் சொந்த மடிக்கணினியை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டும் பேசின. நான் ஹட்டன் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

மறுநாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் பின்னலுமாக வாசலில் நின்றார்கள். கண்டியிலிருந்து வந்த தேர்வு அதிகாரி, மெலிந்த சிங்களவர், தன் கணினியை மேசையில் வைத்து, தான் கொண்டுவந்த வயரால் அதைச் சுவிட்சோடு இணைத்துக்கொண்டிருந்தார். அக்கா சேலை உடுத்தி, கணினிகளையெல்லாம் இயக்கி வைத்திருந்தார். நான் முதலாவது திரையைப் பார்த்தேன். தொடர்பு இல்லை. இரண்டாவது, மூன்றாவது. எதிலும் இல்லை.

அதிகாரியின் கணினியில் இலக்கம் சரிதானா என்று பார்த்தேன். சரி. அதை மீண்டும் இயக்கினேன். மாற்றமில்லை. ஒரு கேபிளை மாற்றினேன். மாற்றமில்லை. இப்படியே முற்பகல் கழிந்தது. அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"மிஸ், இன்னிக்குள்ள முடியணும். இல்லேன்னா நான் எழுதித்தான் போகணும்."

நடத்த முடியவில்லை என்று எழுதிவிட்டுப் போக வேண்டி வரும் என்பதே அதன் பொருள். பிள்ளைகளில் ஒருத்தி அழத் தொடங்கியிருந்தாள்.

"பொட்டக் இன்ன மாத்தயா" என்று அக்கா அவரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பிறகு அழுத பிள்ளையைப் பார்த்தார். "ஏய், மூக்க சிந்து மொதல்ல. அழுதா வயரு வேலை செய்யுமா? தங்கச்சி பாத்துக்கிட்டுதானே இருக்காங்க. எல்லாரும் வெளிய போய் தண்ணி குடிச்சிட்டு வாங்க."

அந்த அறையில் அன்று இழப்பதற்கு அதிகம் வைத்திருந்தவர் அவர். அவர் குரலில் அது தெரியவே இல்லை. எனக்கும் அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. சீராக வந்ததும் செய்திருக்க வேண்டிய முதல் வேலையைச் செய்தேன்: சுவிட்சைப் பார்த்தேன்.

சாதாரணமாக அதன் விளக்குகள் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குச் சிமிட்டும், கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசுவதைப் போல. அன்று எல்லாம் ஒரே நேரத்தில், வெறிபிடித்தாற்போல் துடித்தன. இதைப் பற்றி ஹட்டனில் ஒரு பக்கம் படித்திருந்தேன். கண்ணால் கண்டதில்லை.

"அக்கா, நேத்து நான் போன பொறகு என்ன நடந்துச்சு? ஒன்னு விடாம சொல்லுங்க."

அவர் யோசிக்கவில்லை, தயங்கவும் இல்லை. "நீங்க போனதும் இடி இடிச்சுச்சு. எல்லாத்தையும் கழட்டுனேன். இன்னைக்கு பரீட்சைன்னு ஒன்னு கூட விடல. காலையில வந்து பொட்டு பாத்து மாட்டுனேன். பொட்டு இல்லாத ஒரு வயரு சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு. மேல ரெண்டு மூணு ஓட்டை காலியா கிடந்துச்சு. ரெண்டு முனையையும் அதுல மாட்டிட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அதுதானா?"

அதுதான். அது சோதனைக்காக நான் வைத்திருந்த கேபிள். ஒரு முனை சுவிட்சில் இருக்கும், மறு முனை என் மடிக்கணினிக்காகத் தொங்கும். அது எந்தக் கணினிக்கும் உரியது இல்லை என்பதால் அதற்குப் பொட்டு இல்லை. இரண்டு முனைகளும் ஒரே சுவிட்சில் ஏறியதால், உள்ளே போகும் செய்தி ஒரு வாயால் வெளியேறி மறு வாயால் திரும்ப நுழைந்து, முடிவில்லாமல் பெருகி, வேறு எதற்கும் இடம் விடாமல் அடைத்துவிட்டது. கழற்றியதை எல்லாம் திரும்ப மாட்டும் ஒழுங்கான கைக்குத்தான் இந்தத் தவறு வரும். சோம்பேறிக்கு வராது.

அந்தக் கேபிளை உருவினேன். விளக்குகள் ஒரு கணம் அணைந்து, பிறகு ஆளாளுக்குப் பேசத் தொடங்கின. முதல் திரையில் தேர்வின் முகப்பு வந்தது. பிறகு எல்லாவற்றிலும் வந்தது.

தன் தேர்வையே கெடுத்திருக்கக்கூடிய வேலையைத் தான்தான் செய்ததாக அதிகாரி முன்னால், பிள்ளைகள் காதில் விழ, ஒரு சொல் குறைக்காமல் சொல்ல எத்தனை பேரால் முடியும்? அவர் ஒரு சொல்லை விழுங்கியிருந்தால் நான் இன்னும் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

தேர்வு தொடங்கியபோது மதியமாகிவிட்டது. ஒரு மணி நேரத் தேர்வு. அக்கா மூலையில் இருந்த கணினியை எடுத்தார். அதன் மின்கலம் மிகப் பழையது என்பதால் பிள்ளைகள் யாரும் அதை விரும்புவதில்லை. "மின்சாரத்துல தானே ஓடுது, எனக்கென்ன" என்று உட்கார்ந்துவிட்டார்.

பாதித் தேர்வில் மலைக்குப் பின்னால் உறுமியது.

பன்னிரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அக்காவின் வலது கை தானாகவே சுவரில் இருந்த பிளக்கை நோக்கிப் போய், பாதியில் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கழற்றாமல் விட்டால் ஒரு மின்னலில் பன்னிரண்டும் போகலாம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு கணினி கிடைக்க எத்தனை வருடம் ஆகுமோ. எல்லாவற்றையும் கழற்றினால் தேர்வு போய்விடும்.

நான் மனதில் ஒரு வரிசை போட்டேன். மின்னல் இந்த அறைக்குள் எந்த வழியாக வரும்? வெளியிலிருந்து உள்ளே வரும் வயர்கள் இரண்டுதான். ஒன்று மின்சாரம். மற்றது இன்டர்நெட்டுக்காகக் கூரை மேல் வைத்திருந்த அன்டெனாவிலிருந்து இறங்கும் வயர். மற்ற எல்லாக் கேபிளும் இந்த அறைக்குள் பிறந்து இந்த அறைக்குள் முடிகிறவை. நாங்கள் இதுவரை கழற்றியவற்றில் பெரும்பாலானவை கழற்றத் தேவையே இல்லாதவை.

"சுவத்துல இருக்கிற பிளக் மட்டும் கழட்டுங்க. லெப்டொப் பேட்டரியில ஓடும். மத்ததை தொடாதீங்க. எழுதுங்க."

அன்டெனா வயரை உருவி, அது வந்து சேரும் ரவுட்டர் பெட்டியையும் பிரித்து வைத்தேன். யூ.பி.எஸ்ஸின் பிளக்கையும் கழற்றினேன். அது கீச்சிட்டுக்கொண்டு தன் சேமிப்பிலிருந்து சுவிட்சுக்கு உயிர் கொடுத்தது. அதிகாரியின் கணினிக்கு நல்ல மின்கலம். அவர் எழுந்து, ஜன்னலைச் சாத்தினார்.

மழை தகரத்தில் கொட்டியது. பகலிலேயே அறை இருண்டு, திரைகளின் வெளிச்சம் முகங்களில் விழுந்தது. வெளி உலகத்தோடு ஒரு நூல் தொடர்பும் இல்லை. மின்சாரமும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. அந்த நிலையிலும் பதின்மூன்று பெட்டிகள் கேள்வி கேட்டு, விடை வாங்கி, ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டே இருந்தன. சுவிட்சின் விளக்குகள் அமைதியாகச் சிமிட்டின. நான் கையால் பொருத்திய தலைகள் வழியாகத்தான் அத்தனையும் போகிறது என்று நினைத்தபோது, இந்த வேலையை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று தெரிந்தது.

அப்போது மூலைத் திரை அணைந்தது.

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மற்றவர்களின் கவனத்தைக் கலைக்கக் கூடாது என்று நினைத்தார் போலும். கேள்விகள் இன்னும் மீதம் இருந்தன. நேரமும் கொஞ்சம் இருந்தது.

நான் என்ன செய்வதென்று யோசிக்கும் முன்பே, முன்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். லயத்துக்கு முகவரி இல்லையே என்று கேட்ட அதே பிள்ளை. "நான் முடிச்சிட்டேன் மிஸ். அனுப்பியாச்சு" என்றாள். நான் அதிகாரியைப் பார்த்தேன். ஒவ்வொரு விடையும் கொடுத்தவுடனேயே அவருடைய கணினிக்குப் போய்ப் பதிவாகிவிடும். எந்தக் கணினியிலிருந்து நுழைந்தாலும் விட்ட இடத்தில் தொடரலாம். இது எனக்குத் தெரியும். அவர் அனுமதிக்க வேண்டும். அவர் ஒரு கணம் தன் திரையைப் பார்த்தார், பிறகு தலையை அசைத்தார்.

அக்கா சேலை முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நாற்காலி சத்தம் போடாமல் எழுந்து, அந்த இடத்துக்குப் போனார். தன் தேர்வு இலக்கத்தை அழுத்தினார். அவர் கொடுத்த விடைகள் எல்லாம் அப்படியே இருந்தன. அடுத்த கேள்வி காத்திருந்தது. அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். நேரம் ஓடுகிறதே என்று எனக்குத்தான் பதறியது, அவருக்கு இல்லை.

நேரம் முடிவதற்குச் சற்று முன்பு அவர் கடைசிப் பொத்தானை அழுத்தினார். அதிகாரி தன் திரையில் விரலால் மேலிருந்து கீழே எண்ணிப் பார்த்தார். "ஒக்கோம ஹரி" என்றார். எல்லாம் சரி. பன்னிரண்டு பேரின் விடைகளும் வந்து சேர்ந்திருந்தன.

முடிவு மார்கழியில் குறுஞ்செய்தியாக வந்தது. நான் நிலையத்தைத் திறக்கச் சாவி வாங்கப் பிள்ளை மடுவத்துக்குப் போயிருந்தேன். அக்கா ஒரு கையில் குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டு, மறு கையால் போனை என்னிடம் நீட்டினார்.

"இத வாசிங்க தங்கச்சி. நான் வாசிச்சது சரிதானான்னு பாக்கணும்."

தெரிவு செய்யப்பட்டிருக்கிறீர்கள் என்று இருந்தது. தை மாதம் பயிற்சிக்கு வர வேண்டும் என்று இருந்தது. நான் உரக்க வாசிக்கத் தொடங்கினேன். அவர் சட்டென்று என் கையைப் பிடித்தார்.

"மெதுவா, மெதுவா" என்றார். "இப்பத்தான் ரெண்டு பேரு தூங்குனாங்க."